எறும்பு மொய்த்த பால்

“ரொக்கியா! ஓடி வா! இதை வந்து பாரு!”

சமையலறையில் மாமியார் மெக் சோம் போட்ட கூச்சலோடு ஒரு தகரத் தட்டும் கீழே விழுந்து, தரையில் சுழன்று சுழன்று சத்தம் எழுப்பி அடங்கியது.

அறைக்குள் படுத்திருந்த ஹஸ்னிதா திடுக்கிட்டு எழப் பார்த்தாள். மார்புக்குக் கீழிருந்து இடுப்பு வரை முடிச்சு முடிச்சாக இறுக்கிக் கட்டியிருந்த துணி அவளை எழ விடவில்லை. ஒருக்களித்து, கையை ஊன்றி, மெல்ல நிமிர்வதற்குள் மாமியாரே கதவருகில் வந்து நின்றாள்.

கையில் ஒரு பீங்கான் கிண்ணம். நேராகக் கொண்டுவந்து மருமகளின் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

கிண்ணத்தின் விளிம்பில் கறுப்பாக ஒரு வளையம். அந்த வளையம் ஊர்ந்தது.

“என்ன இது? சொல்லு.”

“எறும்பு, மாக்.” அம்மா என்ற பொருளில் மாமியாரை அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“எதுல?”

விடிகாலையில் ஹஸ்னிதா பிழிந்து கொடுத்த பால் அது. எப்போதும் உடனே எடுத்துக்கொண்டு போய்விடும் நாத்தனார் ரொக்கியா, இன்றைக்குத் தன் மகள் அழுதாளென்று அப்படியே அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

“பக்கத்துலயே சீனி டப்பா திறந்து கிடக்கு. அதை ஒரு எறும்பு சீண்டலை. எல்லாம் வரிசை கட்டி உன் பாலுக்கு விருந்துக்கு வந்திருக்கு. இதைப் போய் என் பேரன் வாயில வைக்கணும்னு அழுதியே!”

பேரனை மருமகளிடமிருந்து பிரித்துப் பதினோரு நாள் ஆகிறது.

துப்பாட் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற ஹஸ்னிதாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே சர்க்கரை. தினமும் ஊசி. மறைக்கவில்லை, சொல்லித்தான் மணந்தாள். பிள்ளை பிறந்தபோது நாலு கிலோவுக்கு நூறு கிராம்தான் குறைவு. பிறந்த சில மணி நேரத்தில் அவனுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கி, நான்கு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். அவளுக்குப் பால் சுரக்கவும் ஐந்து நாளானது. எட்டாம் நாள் எடை பார்த்தால், பிறந்ததைவிட முந்நூறு கிராம் குறைந்திருந்தான்.

அன்று மாலையே மெக் சோம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இனி ரொக்கியாதான் பால் கொடுப்பாள். ஏழு மாதப் பெண் குழந்தை டானியாவோடு, புருஷன் கைவிட்டு, தாய்வீடு வந்து இருப்பவள் ரொக்கியா. அன்றிலிருந்து பிள்ளை ஹைக்கலின் தொட்டில் அவள் அறையில் ஆடுகிறது.

பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிடக் கூடாதே என்பதற்காக மட்டும் ஹஸ்னிதாவுக்கு அதைப் பிழிய அனுமதி. பிழிந்ததைப் பின்கட்டு வாழைமரத்தில் ஊற்ற வேண்டும். அதுவும் ரொக்கியாவின் வேலை. நாற்பத்துநாலு நாள் பத்தியத்தில் இருப்பவள் வாசற்படி தாண்டக் கூடாதல்லவா?

இன்று பத்தொன்பதாம் நாள்.

“உன் மாமனாருக்கு நோய் இருக்குன்னு எந்த டாக்டர் சொன்னான்?” மெக் சோம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். குரல் தணிந்திருந்தது. அதுதான் ஹஸ்னிதாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. “வீட்டுக்குப் பின்னால அந்த மனுஷன் ஒதுங்குற இடத்துல எறும்பு மொய்ச்சுது. நான் பார்த்தேன். சொன்னேன். சிரிச்சார். ரெண்டு வருஷத்துல முழங்காலோட வெட்டினாங்க. அடுத்த வருஷம் ஆளே இல்லை. எறும்பு பொய் சொல்லாது, நிதா.”

அந்த ஊர்ப் பேச்சில் அந்த நோய்க்குப் பெயரே ‘இனிப்பு மூத்திரம்’ என்பதுதான். பெயரிலேயே எல்லாம் இருக்கிறதே! மூத்திரம் இனித்தால் பால் மட்டும் புளிக்குமா என்று எட்டாம் நாள் மெக் சோம் கேட்டாள். எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்க்கும் கணவன் ரஸ்லானிடம் ஹஸ்னிதா முறையிட்டாள். நடுக்கடலிலிருந்து போனில், “மாக் பெரியவங்க. நாற்பத்துநாலு நாள் பொறுத்துக்கோயேன்” என்றான். அத்தோடு சரி.

“இனிமே பிழியவும் வேண்டாம்,” என்று எழுந்தாள் மெக் சோம். “இலை அரைச்சு வச்சிருக்கேன். மதியம் லுஹர் தொழுதுட்டு வந்து மார்ல பத்துப் போட்டுக் கட்டிடறேன். மூணு நாள்ல சுத்தமா வற்றிடும். உனக்கும் நிம்மதி.”

“மாக், வேணாம் மாக். வத்திடுச்சுன்னா திரும்ப வராது.”

“வராம இருக்கத்தானே கட்டுறேன்?”

மாமியார் போய்விட்டாள். தொலைவில் எட்டு மணி ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது. இரண்டு வருடமாக அந்த ரயிலில் ஊரையே ஏற்றி அனுப்பியவள், ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டாள்.

*

பத்து மணிக்கு மார்பு மறுபடி கனத்தது. அடுத்த அறையில் ஹைக்கல் முனகினாலே போதும், சட்டை நனைந்துவிடும். அவனுக்குத் தெரியாத தாயை அவன் குரல் மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறது.

கைப்பம்பை அழுத்தியபடி கிண்ணத்தில் விழும் பாலையே பார்த்தாள். வெள்ளைதான். கொஞ்சம் நீலம் பாரித்த வெள்ளை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

இனித்தது.

அவள் கை நின்றுவிட்டது. மாமியாரை அவளால் எதிர்க்க முடியாமல் போனது இந்தப் பயத்தால்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளையின் குதிகாலில் ஊசி குத்திக் குத்திப் புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்ததை அவள் மறக்கவில்லை. என் உடம்பில் இருந்ததால்தானே அவனுக்கு அது? இதையும் நானே ஊட்டினால்?

“என்ன, ருசி பார்க்குறியா? ஒரு ரொட்டி கொண்டு வரட்டா, தொட்டுக்க?”

ரொக்கியா. இடுப்பில் டானியா, தோளில் முக்காட்டின் நீண்ட முனை, முகத்தில் எப்போதும் ஒரு சலிப்பு.

“காக் யா,” என்றாள் ஹஸ்னிதா; நாத்தனாரை அக்கா என்றுதான் அழைப்பாள். “இது இனிக்குது.”

“பால்னா இனிக்காம உறைக்குமா? சீக்கிரம் கொடு, ஆறிடப் போகுது.”

“கொட்டப் போறதுதானே? ஆறினா என்ன?”

ரொக்கியா ஒரு கணம் விழித்தாள். “வாழைமரத்துக்குச் சளி பிடிக்கும். கொடு இப்படி. அப்பா... மாடு தோத்தது போ.”

கிண்ணத்தை வாங்கி முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டாள். அடுத்த அறையில் ஹைக்கல் வீறிட்டான். அவனை எடுக்க ஓடாமல், முதலில் கிண்ணத்தைச் சிந்தாமல் பிடிப்பதிலேயே அவள் கவனம் இருந்தது.

“அவன் எப்படி இருக்கான், காக் யா?”

“உன் புருஷன் மாதிரியே இருக்கான். சாப்பாடு ஒரு நிமிஷம் லேட்டானா வீடே இடிஞ்சு விழணும்.”

“ஒரே ஒரு தடவை தூக்கிட்டு வாங்களேன். மாக் கிணத்தடியிலதானே இருக்காங்க. நான் பால் கொடுக்க மாட்டேன். சும்மா பார்த்துட்டு...”

ரொக்கியாவின் முகத்தில் சலிப்பு போய் வேறு ஏதோ வந்தது. “பார்த்தா கொடுக்காம இருப்பியா? உன் சட்டையைப் பாரு முதல்ல.” திரும்பியவள், கதவருகில் நின்றாள். “நான் இந்த வீட்ல சோத்துக்கு வந்தவ, நிதா. மாக்கோட பேச்சை மீறினா எனக்குப் போக இடம் கிடையாது. உனக்காவது சம்பளம் இருக்கு.”

கதவு சாத்திக்கொண்டது.

அம்மியில் இலை அரைபடும் சத்தம் பின்கட்டிலிருந்து விட்டுவிட்டுக் கேட்டது. காலையில் அரைத்தது போதவில்லை போலிருக்கிறது.

*

பதினோரு மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. 

“மெக்! ஓ மெக்! இன்னிக்கும் எல்லாரும் தூங்குறாங்கன்னு சொல்லித் திருப்பி அனுப்பினீங்கன்னா, நானும் உங்க கூடத்துலயே பாய் போட்டுப் படுத்துக்குவேன்!”

சுகாதார நிலையத்து நர்ஸ், மிஸி ஸைனுன். ஊரில் பாதிப் பேரைப் பிறந்த கையோடு நிறுத்துப் பார்த்தவள். தூக்குத் தராசையும் பையையும் சுமந்துகொண்டு, யாரும் அழைப்பதற்கு முன்பே படியேறிவிட்டாள். நேராக ஹஸ்னிதாவின் அறைக்குள் வந்து, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள்.

“ஆறு புள்ளி ஒன்னு. அடடே, நல்லா வச்சிருக்கியே. ஊசி ஒழுங்கா போட்டுக்குறியா? சாப்பாடு?”

“சோறும் சுட்ட கருவாடும் மிளகும்,” என்றாள் ஹஸ்னிதா.

“தண்ணி?”

ஹஸ்னிதா, கதவருகில் வந்து நின்ற மாமியாரைப் பார்த்தாள். பத்தியத்தில் தண்ணீர் அளந்துதான்.

“பால் கொடுக்குறவளுக்குத் தண்ணி வேணும், மெக்.”

“இவ கொடுக்கலை,” என்றாள் மெக் சோம். “கொடுக்கவும் மாட்டா.”

மிஸி கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். விஷயம் முழுவதும் வெளியே வந்தது. எட்டாம் நாள், ரொக்கியா, வாழைமரம், இன்று காலை எறும்பு, மதியம் மார்பில் போடப்போகும் இலைப் பத்து. எல்லாவற்றையும் மெக் சோமே பெருமையோடு சொன்னாள்.

“மிஸி, நீங்களே சொல்லுங்க,” என்றாள் ஹஸ்னிதா. “என் பால்ல வித்தியாசம் இருக்கா இல்லையா?”

“இருக்கும். பொய் சொல்ல மாட்டேன்.”

“பாத்தியா!” மெக் சோம் தொடையில் தட்டினாள்.

“முழுசா கேளுங்க, மெக். சர்க்கரை இருக்குற தாய்க்குப் பால் ரெண்டு நாள் தாமதமா சுரக்கும். அதான் பிள்ளை முதல்ல இளைச்சான். அவ ரத்தத்துல சர்க்கரை எகிறிக் கிடந்தா பால்லயும் அது கொஞ்சம் கூடும், கொழுப்பு முன்னப் பின்ன இருக்கும். ஆனா இவ கட்டுக்குள்ள வச்சிருக்கா. அப்போ மத்தவங்க பாலுக்கும் இவ பாலுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இனிப்பா இருக்குன்னு சொல்றீங்களே, அது பால்லயே இருக்குற இனிப்பு. எல்லாத் தாய்க்கும் உண்டு. நோயோட இனிப்பு இல்லை.”

“போடுற ஊசி பால்ல கலக்காதா?”

“கலந்தாலும் பிள்ளை வயித்துல செரிச்சுப் போயிடும். ஒன்னும் பண்ணாது. அதுக்கும் மேல ஒன்னு சொல்றேன். இவ பாலைக் குடிச்சு வளர்ந்தா அவனுக்குப் பின்னால இந்த நோய் வர்றதுக்கு வாய்ப்பு குறையும். கொடுக்கக் கொடுக்க இவளுக்கும் சர்க்கரை இறங்கும்.”

“படிச்சவங்க பேசினா மீனும் மரம் ஏறும்,” என்றாள் மெக் சோம். “எறும்புக்குப் பதில் சொல்லு.”

மிஸி சிரித்தாள். “சரி. எறும்பையே கேட்போம். ரெண்டு தட்டு கொண்டாங்க.”

இரண்டு சிறிய தட்டுகள் வந்தன. ஹஸ்னிதா ஒன்றில் சில சொட்டுப் பிழிந்தாள். மற்றொன்றோடு ரொக்கியா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் வந்தாள். மிஸி இரண்டையும் சமையலறை ஜன்னலில், எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் வைத்தாள். எது யாருடையது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கால் மணி நேரத்தில் இரண்டிலும் எறும்பு. இடது தட்டில் கொஞ்சம் அதிகம்.

“இதோ! இதுதான் இவளோடது!” மெக் சோம் இடது தட்டைக் காட்டினாள். “கண்ணு இருக்குறவங்க பார்த்துக்கட்டும்.”

“மெக், அது உங்க மகளோடது.”

ரொக்கியா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது, சிரிப்பை அடக்குகிறாள்.

மெக் சோம் அசரவில்லை. “அவ காலையில பலாப்பழம் தின்னா. அதான்.”

“நீங்க எறும்பா பிறந்திருக்கணும், மெக். விட மாட்டீங்க,” என்றாள் மிஸி. “பிள்ளையைக் கொண்டாங்க, நிறுத்துடுவோம்.”

ரொக்கியா ஹைக்கலைத் தூக்கி வந்தாள். பதினோரு நாளுக்குப் பிறகு ஹஸ்னிதா தன் மகனை ஒரு கை தூரத்தில் பார்த்தாள். கன்னம் தொங்கியது. மணிக்கட்டில் ரப்பர் போட்டதுபோல் மடிப்பு. தராசுத் துணியில் தொங்கியபடி காலை உதைத்தான்.

மிஸி முள்ளைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“நாலு கிலோ நூறு! போன தடவையைவிட அரை கிலோ கூடியிருக்கான். அருமை!”

ஹஸ்னிதாவின் நெஞ்சு பொங்கி, அடுத்த நொடி கீழே விழுந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“அல்ஹம்துலில்லாஹ்!” மெக் சோம் இரண்டு கையையும் ஏந்தினாள். “இப்ப சொல்லு மிஸி. இவகிட்ட எட்டு நாள் இருந்தான், உருகினான். என் மககிட்ட பதினோரு நாள் இருந்தான், உருண்டான். உன் புத்தகம் பெருசா, உன் தராசு பெருசா?”

மிஸி ஹஸ்னிதாவைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. இரக்கத்தைவிட மோசமான ஒன்றை அந்த நேரத்தில் ஹஸ்னிதாவுக்கு யாரும் தந்திருக்க முடியாது. தராசும் அவர்கள் பக்கம். இனி யாரிடம் போய் எதைச் சொல்வது?

மெக் சோமின் குரல் மாறியது. “இதுல இன்னொன்னும் இருக்கு. எனக்கு வயசாகுது. ரொக்கியாவோட புருஷன் இவளை விட்டுட்டுப் போயிட்டான். பெத்ததும் பொண்ணு. நாளைக்கு நான் கண்ணை மூடினா இவளுக்குன்னு ஒரு ஆம்பிளைத் துணை வேணாமா? வயிறு நிறைய அஞ்சு தடவை பால் குடுத்துட்டா அவன் இவளுக்கும் பிள்ளைதான். டானியாவுக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி. கட்டிக்க முடியாது, ஆனா கைவிடவும் முடியாது. வெள்ளிக்கிழமை இமாமைக் கூப்பிட்டு, நாலு பேரை வச்சு, இவன் ரொக்கியாவோட பால்மகன்னு சொல்லிடப் போறேன்.”

பத்தியம் முடிந்தால் வெளியே போகலாம் என்று ஹஸ்னிதா இருபத்தைந்து நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இந்தக் கதவு நாற்பத்துநாலாம் நாள் திறக்கிற கதவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. பால் வற்றிய மார்போடு அவள் வேலைக்குப் போவாள். பிள்ளை பசித்தால் ரொக்கியாவைத் தேடுவான்.

“மாக், அவன் என் பிள்ளை,” என்றாள். சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

“யார் இல்லைன்னா? உனக்கும் பிள்ளை, அவளுக்கும் பிள்ளை. மிஸி, உன் அட்டையிலயும் எழுதிக்கோ, பால் கொடுத்தது யாருன்னு.”

மிஸி பேனாவை எடுத்தாள். எழுதவில்லை.

“பால் உறவு விளையாட்டில்லை, மெக். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்தவ வாயால எண்ணிக்கை சொல்லணும். இதுல பொய் சொன்னா, ஆகக் கூடாதது ஆகிடும், ஆக வேண்டியது தடைபட்டுடும்.”

“நானே அதைத்தான் இவகிட்ட முதல் நாள் சொன்னேன். எண்ணிக்கை தப்பக் கூடாதுன்னு,” என்றாள் மெக் சோம் கம்பீரமாக. “முதல் நாளே நாலு தடவை. என் கண் முன்னால. அப்புறம்தான் கூச்சமா இருக்குன்னு கதவைச் சாத்திக்கிட்டா. ரொக்கியா, வா இப்படி. அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லு. எத்தனை தடவை ஆச்சு? நூறு இருக்குமா?”

ரொக்கியா நகரவில்லை. தோளில் ஹைக்கல் அவளுடைய முக்காட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவள் முகம் வெளுத்திருந்தது.

“சொல்லுடி. வாயில என்ன கொழுக்கட்டையா?”

“மாக், வெள்ளிக்கிழமை எதுவும் வேணாம்.”

“ஏன்?”

“வேணாம்னா விடுங்களேன்.”

“எத்தனை தடவைன்னு கேட்டேன்.”

ரொக்கியா தாயைப் பார்த்தாள். அம்மிக்குப் பக்கத்தில் தயாராக இருந்த பச்சை விழுதைப் பார்த்தாள். கடைசியில் ஹஸ்னிதாவிடம் நடந்து வந்து, இறுகக் கட்டிய துணியோடு நிமிர முடியாமல் நின்றவளின் கைகளில் பிள்ளையை வைத்தாள். அவன் உடனே முகத்தைத் திருப்பி, நனைந்த சட்டையில் மூக்கால் தேடத் தொடங்கினான்.

“அந்த நாலு தடவையோட சரி, மாக். அதுக்கப்புறம் இத்தனை நாளா இவன் குடிச்சு உருண்டதெல்லாம் நீங்க வாழைமரத்துல ஊத்தச் சொன்ன பால்.”